வாட்டர்டவுன் என்ற ஊர்

1935 மார்ச் 12, அட்டன், இலங்கை

மழை. ஆசிரியர் அறையில் குணபூசணி டீச்சர் வாட்டர்டவுனைப் பற்றியே பேசினாள். அமெரிக்காவில் சின்ன ஊர். எங்கள் பள்ளிப் பாதிரியாரின் மனைவி பிறந்த ஊர். ஜெர்மனியிலிருந்து போனவர்கள் கட்டியதாம். பாதிரியாரம்மாவின் தங்கை அங்கே பாலர் வகுப்பு நடத்துகிறாள். ஒரு வருடப் பயிற்சிக்குக் குணபூசணியை அழைத்திருக்கிறார்கள்.

"வேதக்கோயில் முடிய எல்லாரும் கோப்பி குடிச்சுப் பாட்டுப் படிப்பினமாம், மாஸ்டர். தேத்தண்ணி கேட்டால் வருத்தக்காரர் எண்டு நினைப்பினமாம்!"

நோயாளிக்குத்தான் அங்கே தேநீராம். சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கத் தேயிலை.

மார்ச் 20

போகாதே என்று சொல்ல நான் யார்?

மார்ச் 29

பெரிய யுத்தகாலத்தில் வாட்டர்டவுன் தெருவில் ஜெர்மன் பேசப் பயந்தார்களாம். இப்போது எல்லோரும் அமெரிக்கர். என் தாத்தா திருச்சியிலிருந்து வந்து பஜாரில் கடை போட்டார். அப்பா இங்கே பிறந்தார், நானும். காகிதத்தில் நாங்கள் இன்னும் இந்தியர் — யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டார் கண்ணிலும் நாங்கள் இந்தியர்தான்.

ஏப்ரல் 6

"திரும்பி வந்தால் இஞ்சயோ யாழ்ப்பாணமோ, தெரியேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

இங்கேயே வாங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. "உங்க விருப்பம்ங்க டீச்சர்" என்றேன். கொழும்பில் மூன்று வருடம் கவிதை படித்தவன் வாயில் இதுதான் வந்தது. ஏன்டா இப்படி இருக்க?

ஏப்ரல் 9

ஸ்டேஷன். கப்பலில் அவளுக்குக் குமட்டாமலிருக்க அப்பா கட்டிக்கொடுத்த சுக்குப் பொட்டலம் என் கையில். ரயில் ஊதியது. பாதிரியாரம்மா பழக்கியபடி, கைகுலுக்க அவள் கை நீட்டினாள். நான் கடைக்காரன் மகன். நீட்டிய கையைக் கண்டால் பொட்டலம் வைத்துத்தான் பழக்கம். வைத்துவிட்டேன்.

"தம்பி, சுக்குக்குக் காசை வாங்கிக்கொண்டு ஆளை விடும்!" என்றார் துரைராசா மாஸ்டர், அவள் ஊர்க்காரர். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தோடு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

1936 ஜனவரி 14

பொங்கல். வாட்டர்டவுனில் ஆறு உறைந்திருக்கும். அதன்மேலேயே நடந்து போவார்களாம். அவளும் நடக்கிறாளா? வழுக்காதா?

ஜூன் 2

துரைராசா மாஸ்டர் விடுமுறை முடிந்து வந்தார். குணபூசணி கொழும்பில் இறங்கி, அப்படியே யாழ்ப்பாண ரயில் ஏறிவிட்டாளாம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் ஏற்றுக்கொண்டாளாம்.

"இஞ்ச வரத்தான் இருந்தவள், தம்பி. வரச் சொல்லி ஆரும் கேக்கேல்லையாம்."

இந்த முறை அவரும் சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணம் ஒரு நாள் ரயில் தூரம். போகமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

மத்தியானம் பூகோளப் பாடம். உலகப்படத்தில் மிஷிகன் ஏரிக்கு மேற்கே, வாட்டர்டவுன் இருக்குமிடத்தில், விரல் தானாகப் போய் நின்றது. அவள் இப்போது அங்கே இல்லை. விரலை எடுக்க மனம் வரவில்லை.