ஸ்டெல்லா போடும் ஊசி

ஜூலை 14, செவ்வாய்

ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வந்தால் என் மகள் பிரியாவின் இதயத்துக்கு ஆபத்து. அது வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. பெற்றவள் நான் பிடித்தால் திமிறுவாள். எஸ்டேட் நர்ஸ் ஸ்டெல்லா கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே போய்ப் படுப்பாள். எனக்கு வயிறு எரியும். போன வாரம் ஸ்டெல்லா கோத்தகிரிக்கு மாற்றலாகிப் போனாள். விட்டது சனி என்றிருந்தேன்.

இன்று புது நர்ஸைக் கண்டதும் பிரியா கத்தினாள்: "ஸ்டெல்லா அக்கா வந்தாத்தான் போட்டுக்குவேன்!" ஊசி போடாமலே திரும்பினோம்.

வேறு வழியில்லாமல் நானே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்கக்கா, ஊசி தள்ளிப்போகக் கூடாதுங்க" என்றாள்.

தினமும் பள்ளிக்கூடத்துக்கு உலுக்கி எழுப்ப வேண்டிய பெண், நாளைக்கென்று கிறிஸ்துமஸ் கவுனை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.