மஸ்கட்டிலிருந்து கட்டிய வரி

நவம்பர் 14, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடையை மகள் ஜெனி பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தாம்பரத்திலிருந்து பம்மல்.

இன்று ஜிஎஸ்டி கட்டுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மஸ்கட்டில் வேலைக்குப் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. பம்மல் கையுறைப் பட்டறை அவர் பெயரில். வங்கிக் கணக்கும் அவர் பெயரில். ஓடிபி வருவது அவருடைய பழைய எண்ணுக்கு. அந்த சிம் பழைய போனில், என் கைப்பையில். அவர் அங்கே கம்ப்யூட்டரில் தட்டுவார், இங்கே எண் விழும், நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மாதாமாதம் இப்படித்தான்.

ஷேர் ஆட்டோ இரைச்சலில் போன் அடித்ததே கேட்கவில்லை. பார்த்து அனுப்புவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அதே கதை. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் கத்துவார். இன்று கத்தவில்லை. ஏனோ அதுவே ஒரு மாதிரி இருந்தது.

வாங்க: மிஷின் ஊசி, தோல் ஒட்டும் பசை, ஜெனிக்கு கிராஃப் நோட்டு.

நவம்பர் 15, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். பல்லாவரத்தில் சந்தை நெரிசல், பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. போய்ச் சேரும்போது பதினொன்று.

மல்லிகா அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஆரம்பத்திலிருந்து எங்களிடம் தைப்பவர்.

"ரெண்டு பேரு வந்து மிஷினெல்லாம் பாத்துகினு போனாங்க மேடம். சார் அனுப்சாராம். இன்னா வெலைன்னு என்னான்ட கேக்குறாங்க. கடைய மூடப் போறீங்களா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்சூரன்ஸுக்காக இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. தைத்துக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் தலை தூக்கவில்லை.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ்: சும்மா விலை தெரிந்துகொள்ளத்தான்.

தோல் வெட்ட உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் இடது கைக்கே வெட்டியிருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

வீட்டிலேயே இருந்தேன். பழைய போன் சாப்பாட்டு மேஜை மேல், பக்கத்தில் என் போன். பத்தரைக்கு ஆரம்பித்தார். முதல் எண் அனுப்பினேன், வரி கட்டியாயிற்று. இரண்டாவது எண், மாதப் படிவமும் போயிற்று. அப்பாடா என்று உலை வைக்கப் போனேன்.

மூன்றாவதாக ஒன்று வந்தது. மூன்று மாதமாக எண்ணை மட்டும்தான் பார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இன்று முழுதாகப் படித்தேன். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பத்துக்கான ஓடிபி என்று இருந்தது.

கூப்பிட்டு, வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். மறுபடி அனுப்பினார். கண் முன்னால் விழுந்தது. வரவில்லை என்றேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இவ்வளவு நேரடியாகப் பொய் சொன்னதில்லை.

சாதம் குழைந்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

சர்ச் ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பாடல் எண்ணைக்கூடத் தப்பாகப் புரட்டினேன். வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று, நானே கூப்பிட்டேன். நேற்று எண் வந்தது, படித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எல்லாம் சொன்னார். வேலை நிரந்தரமாகிவிட்டது. குடும்ப விசா கிடைக்கும். ஜெனி பரீட்சை முடிந்ததும் எங்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொல்ல இருந்தாராம்.

"அங்க நீ தனியா அல்லாடறத என்னால பாக்க முடியல கிரேஸ். அதான் முடிச்சிடலாம்னு நினைச்சேன்."

நல்ல மனதோடுதான் சொல்கிறார். அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் என்றால் சண்டையாவது போடலாம்.

பகல் முழுக்க அலமாரி அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

நவம்பர் 18, திங்கள்

நல்ல மழை. ஆடிட்டர் அலுவலகம், தாம்பரம் சானடோரியம் பக்கம். ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

ரத்தானால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதன் பிறகு அந்தப் பெயரில் வரி போட்டு பில் கொடுக்க முடியாது, கம்பெனிகள் நம் சரக்கை எடுக்காது என்றார். நிறுத்த வழியில்லையா என்றேன். பதிவு சாருடையது, அவர் இஷ்டம் என்றார். பிறகு, கோப்பிலிருந்து தலை தூக்காமலே, "நீங்களே உங்க பேர்ல புதுசா எடுக்கலாமே மேடம். யார் வேணாங்கறாங்க?" என்றார்.

தேவை: பான், ஆதார், போட்டோ, கரண்ட் பில், இடத்துக்காரர் சம்மதக் கடிதம்.

மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆட்டோ கிடைத்தது, ஏறவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பட்டறை இடத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். ஒரு காலத்தில் அங்கே வயல் வைத்திருந்தவர்கள், இப்போது வரிசையாக வாடகைக் கட்டடங்கள். அக்ரிமெண்ட் சார் பெயரில் இருக்கிறதே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேனே என்று இழுத்தார்.

"கேளுங்க அண்ணா. மூணு மாசமா வாடகை கொண்டு வந்து குடுக்கறது யாருன்னும் நினைச்சுப் பாருங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார்கள்.

மல்லிகா அக்காவிடம் மட்டும் சொன்னேன். மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார்.

நவம்பர் 20, புதன்

வெயில் அடித்தது. காலையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வைத்து விண்ணப்பம் போட்டாயிற்று. என் பெயர், என் எண். பட்டறைக்கு வந்து, வாசலுக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"என் பேர்ல ஜிஎஸ்டி நம்பர் வரட்டும். வந்த அன்னைக்கே உங்களுக்கு ஓடிபி அனுப்பறேன். அதுவரைக்கும் மிஷின் பாக்க யாரையும் அனுப்பாதீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நீ வர மாட்டியா?"

"வரியான்னு நீங்க என்னை இன்னும் கேக்கவே இல்லையே."

அந்தப் பக்கம் யாரோ அரபியில் பேசிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் கேட்டார். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்த அன்று பேசியது போல, தயங்கித் தயங்கி.

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. யோசிக்க வேண்டும் என்றேன். சரி, யோசி என்றார்.

உள்ளே மல்லிகா அக்கா, கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது, மத்தியானத்துக்கு மேல் வேலை நிற்கும் என்றார். பணத்தை எடுத்துக்கொண்டு பல்லாவரம் பஸ் பிடித்தேன்.