பஸ் இல்லாத படம்

அன்பு மகனுக்கு,

இங்கே மழை பிந்திவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீ வராததைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தை அச்சடிக்கக் கிளிநொச்சிக்குப் போனேன். அட்டைக்கு, உன்னிடம் வருவதற்காக விசாவுக்கு எடுத்த படத்தைக் கொடுத்தேன். காது தெரிய, சிரிக்காமல் இருக்கிறா. அச்சகக்காரர் பார்த்துவிட்டு, "ஆர் இவா?" என்றார்.

பிறகு நீ கீறிய கார்ட்டூனைக் காட்டினேன். பூநகரிச் சந்தியில் பஸ்ஸுக்காகக் குடையை ஊன்றிக்கொண்டு, முதுகு காட்டி நிற்கிறா. முகமே இல்லை. அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இது எங்கட கணக்கு ரீச்சர் எல்லோ?"

பேப்பர் வந்தால் எந்தக் கார்ட்டூனிஸ்ட் பெரியவர் என்று நீயும் நானும் சண்டை பிடிப்போம். சிரிக்க வைப்பவர் என்பேன் நான். குறைந்த கோட்டில் ஆளைக் கொண்டுவருபவர் என்பாய் நீ. அம்மா எந்தப் பக்கமும் சேரமாட்டா. நீ சொன்னதுதான் சரி.

அட்டைக்கு நீ கீறிய படத்தையே கொடுத்துவிட்டேன். ஆனால் அதில் பாதை வெறுமையாகக் கிடக்கிறது. அவா இன்னும் எவ்வளவு நேரம் அங்கே நிற்பா? ஒரு பஸ்ஸையும் கீறி அனுப்பு.

அப்பா