முன் சக்கரத்து டிரம்

22-9-86, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். கரட்டுச் சரிவில் இன்றும் பிரேக் பிடிக்கவில்லை. ஈரம் பட்டால் ரிம் வழுக்குகிறது. ரப்பர் கட்டை கீச்சென்று கத்துகிறதே தவிர, சைக்கிள் தன் பாட்டுக்குப் போகிறது. காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன். வலது செருப்பு காலி. கருமம் பிடித்த சைக்கிள்.

பொன்னி முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். "ஏறு" என்றேன். திரும்பியே பார்க்கவில்லை. ஆடியில் இதே சரிவில் கேரியரிலிருந்து விழுந்து முன்பல்லில் பாதி போனது. அன்றிலிருந்து ஏறுவதில்லை. பாப்பாரப்பட்டிக்கு நாலு மைல். பால்வாடியை ஒன்பதுக்குத் திறக்க வேண்டும், பஸ் வருவதோ பத்துக்கு. தினமும் நடை.

சாயந்திரம் சொல்லிவிட்டாள். "ஏங்க, ஆயுத பூசை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேலைய எழுதிக் குடுத்துட்டு வூட்டுல உக்காந்துக்கறேன். என்னால நடக்க முடியலைங்க." டீச்சர் வேலைக்காக மூன்று வருஷம் அலைந்தவள்.

24-9, புதன்
பாப்பாரப்பட்டி அரிசி மில்லில் கணக்கு வேலை. தவிட்டுத் தூசி, தும்மல். மத்தியானம் பாஷா பாய் சைக்கிள் கடை. மறுபடி பிரேக் கட்டை மாற்றச் சொன்னேன்.

"சார், கட்டைய மாத்தி மாத்தி என்ன பிரயோஜனம்? ரிம்முல புடிக்கிற பிரேக்கு மழைக்கு ஆவாதுங்க. மொபெட்டுல பாருங்க, சக்கரத்து நடுவுல டிரம்மு. உள்ளாற புடிக்கும், தண்ணி படாது. பழசா ஒண்ணு கொண்டாங்க, முன்னாடி கோத்துத் தர்றேன்."

இந்த ஞானம் வர மூன்று ஜோடி கட்டை என் தலையில் கட்ட வேண்டியிருந்தது. புது டிரம் விலை விசாரித்தேன். அதற்குப் பழைய சைக்கிளே ஒன்று வாங்கலாம். காயலான் கடைதான் கதி.

28-9, ஞாயிறு
தர்மபுரி. நல்ல வெயில். காயலான் கடைக்காரன் வேர்க்கடலை தின்றுகொண்டே காட்டினான்:
– விரிசல் விட்ட டிரம்
– டிரம் இல்லாத மூடி
– மூடி இல்லாத டிரம்
– முழுசாக ஒன்று, உள்ளே எலிப்புழுக்கை

"எல்லாம் ஓடற வண்டியில கழட்டினது சார்." ஓடுகிற வண்டியில் எவன் கழற்றுவான்? அந்த எலி வாசம் செய்ததைத்தான் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டான். வேட்டி பாழ்.

30-9, செவ்வாய்
டிரம்மில் போக்ஸ் கம்பிக்கு முப்பத்தாறு ஓட்டை. என் முன் ரிம்மில் முப்பத்திரண்டு. பின் ரிம்முக்கு நாற்பது. நாற்பது ஓட்டை ரிம் ஒன்றைப் போட்டு நான்கைச் சும்மா விடலாமாம். "ஒண்ணும் ஆவாது சார்." முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் இரண்டு கைக்கும் நடுவே டிரம் நுழையவில்லை. பாய் காலால் மிதித்துக் கடப்பாரையால் நெம்பினார். எப்போது கிடைக்கும்? "நாளைக்கு வாங்க."

3-10, வெள்ளி
1-ஆம் தேதி: நாளைக்கு.
2-ஆம் தேதி: கடை பூட்டு. கிருஷ்ணகிரியில் நிக்காவாம்.
இன்று: நாளைக்கு.
ஏமாற்றுக்காரன். எச்சில் துப்பித் துப்பியே கடை வாசல் சிவந்து கிடக்கிறது. என் சைக்கிள் ஒற்றைச் சக்கரத்தோடு அந்த எச்சில் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நானும் மில்லுக்கு நடை. பொன்னியோடு சேர்ந்து நடந்தேன். நாலு மைல் எவ்வளவு தூரம் என்று இன்றுதான் தெரிந்தது.

7-10, செவ்வாய்
முடிந்தது! சனியன், பார்க்கச் சகிக்கவில்லை. சக்கரத்து நடுவில் சோற்றுச் சட்டியைச் சொருகியது போல. டிரம் மூடி கூடவே சுற்றாமல் நிற்க ஒரு இரும்புப் பட்டையைப் போர்க்கோடு கட்டியிருக்கிறார். ஆனால் பிடிக்கிறது. மழையில் சரிவில் இறங்கினேன், பிடித்தேன், நின்றது. மறுபடி மேலே தள்ளிப்போய் இறங்கினேன். நின்றது. அரிசி மூட்டை வைத்துப் பொன்னி கண்ணெதிரே ஐந்து தடவை நிறுத்திக் காட்டினேன். "பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். கடுப்பு.

பாய் ஏதோ சொல்லி அனுப்பினார். "உள்ளாற சொட்டு எண்ணெய் போவக்கூடாது சார், போனா புடிக்காது, வூட்டுலயும் சொல்லிடுங்க." ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு உபதேசம் வேறு. சரி சரி என்று வந்துவிட்டேன்.

12-10, ஞாயிறு. ஆயுத பூசை
மில்லில் பூசை. நமுத்த பொரி, சொத்தைக் கடலை. முதலாளி கையாலேயே கொடுத்தார், அதற்கு ஒரு கும்பிடு வேறு.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சைக்கிள் பளபள. பொன்னியே கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஹேண்டில் பாரில் செவ்வந்திச் சரம் சுற்றியிருக்கிறாள். டிரம்முக்கும் சந்தனம், குங்குமம். ஆடிக்குப் பிறகு இன்றுதான் அதைத் தொட்டிருக்கிறாள். "செயினு, பெடலு, சக்கரம், ஓட்டை இருக்கற எடமெல்லாம் வெளக்கெண்ணெ வுட்டேங்க. செவ்வாக்கெழமை பால்வாடி தொறக்குது. ஏறிக்கறேன்."

எழுதிக் கொடுக்கும் பேச்சே எடுக்கவில்லை. சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம்.

14-10, செவ்வாய்
கை முழுக்க முள் கீறல். எழுத்து கோணல்.

சரிவில் பாதி வரை நன்றாக வந்தோம். பிரேக்கை அமுக்கினேன். இறுக்கம் இருக்கிறது, பிடிமானம் இல்லை. பின் பிரேக் வழக்கம்போல் உதவாக்கரை. "குதி!" என்று கத்துவதற்குள் குதித்துவிட்டாள். நான் உண்ணிச் செடிக்குள் போய் விழுந்தேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் தோல் போய் ரத்தம். சைக்கிளைத் தூக்கினால் டிரம் மூடியின் ஓட்டையிலிருந்து விளக்கெண்ணெய் வழிகிறது. அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபோது என் புத்தி எங்கே போயிருந்தது? பாய் சொன்னதை அவளிடம் சொல்லாதவன் நான்.

"என்னங்க ஆச்சு அதுக்கு?"

"பாய் வேலை சரியில்ல." வாயில் அதுதான் வந்தது.

"வாங்க, அந்தாள நாலு வார்த்த கேக்காம வுட மாட்டேன்." நொண்டிக்கொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை.

கடை முன்னால் நின்று கத்தினாள். "கட்டினவளை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிங்க இது! உசுரோட வெளையாடறீங்களா? கை வராதுன்னா வராதுன்னு சொல்லணும்!" எதிர் டீக்கடை ஆட்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். பாய் டிரம்மைத் திறந்தார். உள்ளே டிரம்மைப் பிடிக்கும் லைனரில் விரலை வைத்தார். மோந்து பார்த்தார். டிரம்மில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதாம்மா. நாந்தான் சரியா பாக்கல. மன்னிச்சுக்கம்மா."

டீக்கடையில் ஒருவன், "பாய்க்கு வயசாயிடுச்சு, இனிமே பஞ்சர் மட்டும் போடச் சொல்லுங்க" என்றான். சிரிப்பு. பாயும் சிரித்தார். பெட்ரோல் ஊற்றி டிரம்மைத் துடைத்தார். எண்ணெய் குடித்த லைனரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் சொந்த மொபெட்டிலிருந்து கழற்றி மாட்டினார். ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு. காசு எடுத்தேன், கையாலேயே தள்ளிவிட்டார். சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

சீ.

15-10, புதன்
மழை. ஏறினாள். முழங்காலில் மஞ்சள் பற்று. சரிவில் என் இடுப்புச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தேன். நின்றது. பிடியைத் தளர்த்தினாள்.

"பாத்தீங்களா? திட்டினாத்தான் ஒழுங்கா செய்யறானுங்க."

எண்ணெய்க் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். "வேலைய எழுதிக் குடுக்கலைங்க, இப்படியே போவலாம்" என்றாள். மூடிக்கொண்டேன்.

பாய் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அவர் மொபெட் முன் சக்கரம் இல்லாமல் சுவரோரம் கிடந்தது. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி சலாம் வைத்தார்.

"நிக்காதீங்க, வெரசா போங்க. அந்தாளு மூஞ்சியில முழிக்க வேணாம்."

வேகமாக மிதித்தேன்.