மழுப்பல் இல்லை

ஆரணி

அன்புள்ள உங்களுக்கு,

"அம்மாவைக் கூட்டிகினு வாங்க." அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தறி ஓடும் வரைதான் இரண்டு பேர் ரகசியம் பேச முடியும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் வாசலில் நின்று கேட்டீர்கள்: "நான் பெங்களூர் போறதுக்குள்ள எங்க அம்மாவப் பொண்ணு கேக்க அனுப்பட்டா?" நான் வாய் திறந்தபோது தறியின் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. அப்பா தறியை நிறுத்தினார். வீடு முழுக்க அமைதி.

"பாக்கலாங்க" என்றேன்.

"இப்படி மழுப்பினா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"யாரு, பார்த்திபனா?" அப்பா உள்ளிருந்து கேட்டார். "வாசல்லயே நின்னுகினு இருக்கியே, உள்ள வந்தா நாங்க என்னா கடிச்சிடவா போறோம்?"

அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட முடியவில்லை. தெளிவாகச் சொல்லாமல் தட்டிக்கழிப்பதுதான் மழுப்பல் என்கிறது அகராதி. தட்டிக்கழிக்க எனக்கு என்ன இருந்தது? தெருமுனையில் திரும்பும்போதே உங்கள் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். ஆசை வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று ஒருத்தி தெளிவில்லாமல் பேசினால் அதற்கு வேறு பெயர் வேண்டும். எத்தனையோ புத்தகங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. போனில் எழுதி எழுதி அழித்தேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

உங்கள் காதில் மட்டும் விழும்படி சொல்ல, தறி ஓடக் காத்திருந்தேன். அப்பா இழையை முடிந்து மிதியில் கால் வைப்பதற்குள் நீங்கள் வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறினீர்கள். உங்கள் அம்மா எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
நான்தான்