ஆணியில் ரெண்டு துண்டாய் ஒரு கயிறு

யில்வா,

நீ தூங்கிட்டிருந்தே, எழுப்பல. முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியமும் வரல.

இன்னிக்கு மரத்துல ஏறாதே. மரத்தோட சேர்த்துக் கட்டிக்கிற, உள்ளே கம்பி வெச்ச உன் இடுப்புக் கயிறு ஆணியில ரெண்டு துண்டா தொங்குது. வெட்டினது நான்தான்.

நேத்து வேலைக்கு என் கயித்தை மறந்துட்டு உன்னோடதைக் கொண்டுபோனேன். மரத்து உச்சியில ரம்பம் வழுக்கி அது மேல பாஞ்சுது. "நாய்ச் சங்கிலி மாதிரி கனக்குது"ன்னு நான் கிண்டலடிச்ச அந்தக் கம்பிதான் தடுத்துது. என்னோட வெறும் கயிறா இருந்திருந்தா விழுந்திருப்பேன். கம்பியில பாதி இழை போச்சு.

வீட்டுக்கு வந்து, வெட்டுப்பட்ட பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். சாப்பிடும்போது, "கயிறு சரியா இருக்கா?"ன்னு கேட்டே. "அதுக்கென்ன"ன்னு சொல்லிட்டு சூப்ல கடுகு விழுதைக் கலக்கிட்டிருந்தேன்.

எட்டு மணிக்கு, கட்டை ஏத்த ஃபோல்கே லாரியோட வருவான். இன்னிக்கு வெட்ட வேண்டிய சர்ச் மரத்தைத் திங்கக்கிழமை வெட்டறோம்னு சொல்லிடு. நான் கடைக்குப் போறேன். ரெண்டு வாங்கறேன், ரெண்டும் கம்பி வெச்சதுதான். மிச்ச பட்டாணி சூப் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

டோர்கெல்

இன்னொண்ணு. காலையில அந்தக் கயித்துக்கு முன்னால நின்னப்பகூட, 'இன்னும் ஒரு நாள் தாங்காதா'ன்னு மனசு கேட்டுது. மறுபடி கேட்டுடுமோன்னு பயந்துதான் வெட்டினேன்.