சதுர அலை நிற்கவில்லை

மார்ச் 4
பட்டறை முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பி இன்றோடு ஒரு மாதம். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கண்ணே" என்றார். இருபத்தாறு வருடம் ரிப்பேர் பார்த்தவனுக்கு ஓய்வா? தன் மருமகனை என் நாற்காலியில் உட்காரவைக்கத்தான் இந்தக் கரிசனம் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். இனி வீட்டு மேசையிலேயே தொழில். மூன்று ஆம்பிளிஃபயர் வந்தாயிற்று. மின்சாரத்தின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்தான் இல்லை. அது இல்லாமல் பழுது பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு முகச்சவரம் செய்வது.

மார்ச் 6
மைத்துனன் வந்தான். "மாமா, லேப்டாப்புல சொருகுற ஸ்கோப் டப்பாவே போதும். தனியா எதுக்கு ஒரு பெட்டி?" தன்னுடையதை வைத்துவிட்டுப் போனான். மவுஸால் எட்டுத் தடவை குறி வைத்தேன். அம்பு பட்டனைத் தவிர எல்லா இடத்துக்கும் போய் வந்தது. சொன்ன பேச்சு கேட்காததில் அதுவும் அவனும் ஒன்று. ஸ்கோப் என்றால் தனியாக நிற்க வேண்டும். திருகக் குமிழ் வேண்டும்.

மார்ச் 9
கடைக்குப் போனேன். ஸ்கோப்பின் முகப்பில், சோதித்துப் பார்க்க ஒரு சின்னத் தகடு இருக்கும். ஒயர் நுனியில் பேனா மாதிரி இருக்கும் புரோப்பால் அதைத் தொட்டால் திரையில் சதுர அலை கல் மாதிரி நிற்க வேண்டும். நான் புரோப் முனையில் மாட்டும் கொக்கியைக் கழற்றிவிட்டு வெறும் ஊசி முனையால்தான் தொடுவேன், கொக்கியெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு. அலை உடைந்து உடைந்து வந்தது. குப்பை என்றேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது.

மார்ச் 10
இந்தப் பேனாவும் சரியில்லை.

மார்ச் 13
வேறு கடை. மனைவியும் வந்தாள், கூப்பிடாமலே. இரண்டாவது ஸ்கோப்பிலும் அதே கதை. மூன்றாவது அகலத் திரை, நல்ல குமிழ்கள் — அதிலும் அலை நிற்கவில்லை. "உங்க கடையில எல்லாமே இப்படித்தானா?" விற்பவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் புரோப்பை என் விரலிலிருந்து வாங்கி, கொக்கியை மாட்டி, தகட்டில் தொங்கவிட்டாள்.

அலை நின்றது. கல் மாதிரி.

"ஏங்க, ஸ்கோப்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள், மெதுவாக.

பஸ்ஸில் கேட்டேன்: "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"டம்ளர்ல பாதி காப்பி ஊத்த ஆரம்பிச்சேனே, அப்பலேர்ந்து."

அவளைக் கஞ்சப்பிசினாரி என்று அதற்காக எத்தனை பேரிடம் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 14
அப்போ முதலாளி? எல்லாம் தெரிந்தும் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். நான் — தெருத்தெருவா என்னென்ன பேசினேன்டா நான்.

மார்ச் 21
டாக்டர் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். மாத்திரை நோயைத் தள்ளிப்போடும், பழைய கையைத் திருப்பித் தராது என்றார். "உங்க மேசைதான் ஆடுது டாக்டர்" என்றேன். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2
மூன்றாவது ஸ்கோப்பையே வாங்கினோம். கொக்கியை அவள் மாட்டுகிறாள், அலையை நான் படிக்கிறேன். மூன்று ஆம்பிளிஃபயரிலும் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. பற்றவைக்கத்தான் கை இல்லை. பழுதான இடத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி, மூன்றையும் முதலாளியின் மருமகனிடம் அனுப்பிவிட்டோம். சீட்டு எழுதியது அவள். இந்தப் பக்கத்தையும் அவள்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அவள் தம்பியைப் பற்றி ஒரு வரி சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறாள்.